அழுகைன்னா கிழியணும்

சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, மற்றவர்கள் அழுவதற்கு மார்க் போடுகிற ஒருத்தியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்கு அவள் பக்கத்து வீடு. அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து முழுக்கத் துணி வெளுக்கிற குடும்பங்கள்தான். பாட்டன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். பேச்சில் பாதி மலையாளம் ஏறிவிட்டது, சோறும் மீனும் மலையாளமாகிவிட்டது, அழுகை மட்டும் தமிழிலேயே நின்றுவிட்டது. ஒருத்தர் செத்தால் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்போம். வட்டத்துக்கு நடுவில் அக்கா.

அவள் குரல் இருக்கிறதே, சிரட்டையைச் சிமெண்டுத் தரையில் உரசினால் வருகிற சத்தம். அந்தக் குரலில் அவள் "சாயா குடிக்கிறியா" என்று கேட்டால்கூட நாம் என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்கத் தோன்றும். ஆனால் பிணத்தின் முன்னால் அதே குரலை அவள் இழுத்து மேலே கொண்டுபோய் ஒரு இடத்தில் கிழிப்பாள். கோடித் துணியை ரெண்டாகக் கிழிக்கிற மாதிரி ஒரு கிழி. கல்லுமாதிரி நின்ற ஆம்பிளைகள் அந்த நிமிஷம் துண்டைத் தேடுவார்கள்.

மற்றவர்கள் அழுகிற லட்சணம் அவளுக்குப் பிடிக்காது.

"ஏண்டி, அழுறியா தாலாட்டுறியா? அந்த ஆளு ஏற்கெனவே தூங்கித்தானே கெடக்கான்" என்பாள், பிணத்துக்குப் பக்கத்திலேயே, சத்தமாக. "அழுகைன்னா கிழியணும். கிழியாத அழுகை சினிமாவுக்குத்தான் கொள்ளும்."

என் மாமியார் செத்தபோது நான் என்னால் முடிந்த மட்டும் அழுதேன். பிணம் போனதும் அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"பாஸ்தான். ஆனா ஒண்ணு பறயறேன், கேட்டுக்கோ. கடைசி ரெண்டு வரி துக்கத்துல வந்ததில்ல. கோவத்துல வந்தது."

அது எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

எதிர்வீட்டில் ஒரு மலையாளிச் சேச்சி இருந்தாள். அவள் புருஷன் மிளகுக் கிடங்கில் வேலை பார்த்தவர், ஒரு நாள் மூட்டைக்குப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார். அவர்கள் வழக்கம் வேறு. விளக்கு வைத்து, வெள்ளை விரித்து, எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். அக்கா வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். கொஞ்சநேரம் பொறுத்துக்கொண்டாள்.

"இதெந்தாடி, பரீட்சை நடக்குதா இங்கே?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, அங்கேயே ரோட்டில் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டாள். செத்தவரின் தம்பிமார் ரெண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விரட்ட வந்தார்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டு சேச்சி படியிறங்கி வந்தாள். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் விறைத்து உட்கார்ந்திருந்தவள், அக்கா கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினாள். தம்பிமார் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போனார்கள்.

இப்படி ஊருக்கெல்லாம் அழுதவளுக்குச் சொந்தக் கடன் ஒன்று பாக்கி இருந்தது. அவள் அம்மா. கிழவிக்குத் தன் சாவைப் பற்றிப் பெரிய பெருமை. கட்டிலில் படுத்தபடியே மகளுக்கு உத்தரவு போடும்.

"நான் வெளுத்த வேட்டியைக் கட்டிக்கிட்டுத்தான் கோயில்ல தந்திரி பூஜைக்கு நின்னாருன்னு சொல்லணும். மறந்துடாதே. உங்கப்பன் பேரு ஒரு தடவை வந்தா மதி, அந்த ஆளுக்கு அவ்வளவு போதும்."

"முதல்ல நீ சாவு. அப்புறம் பாக்கலாம்" என்பாள் அக்கா. ரெண்டு பேரும் சிரிப்பார்கள்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அக்காவுக்குத் தொண்டை கம்மியது. வேனல் வந்தும் தெளியவில்லை. தொண்டைக்குள் ஏதோ முளைத்திருப்பதாகச் சொல்லி, ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். உயிர் நின்றது. குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வரும். காதைக் கொண்டுபோய் உதட்டோடு வைத்தால் வார்த்தை புரியும்.

கிழவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. "என் சாவு வீணாப் போச்சே" என்றது. "ஊருக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்துட்டு என்னை ஊமையா அனுப்பப் போறியே மோளே."

அக்கா போர்வையை இழுத்துவிட்டாள். ஏதாவது சொல்லியிருந்தாலும் கிழவிக்குக் கேட்டிருக்காது, காது மந்தம்.

கோட்டைப்பக்கம் ஒரு சட்டைக்காரர் வீடு இருந்தது. வெள்ளைக்காரர் ரத்தம் கலந்தவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அந்த வீட்டுக்காரரைச் சாயிப்பு என்போம், கல்யாணங்களில் கிட்டார் வாசிக்கிறவர். அவருடைய வெள்ளைச் சட்டைகளை இஸ்திரி போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது அக்கா. ஒரு நாள் நானும் கூடப் போனேன். உள்ளே டேப்பில் ஏதோ கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தலைமூட்டையை இறக்காமல் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு என் காதில் சொன்னாள், நான் சாயிப்பிடம் கேட்டேன்:

"யாரு செத்ததுன்னு கேக்குது அக்கா."

சாயிப்பு சிரித்துவிட்டார். "ஆரும் மரிச்சில்லா. இது கிட்டார்."

"இதா? அப்போ நீங்க கல்யாணத்துல வாசிக்கிறது?"

"அதும் கிட்டார்தான்."

"அது கொசு மாதிரில்ல இருக்கும்!"

இதை நான்தான் சொன்னேன், அக்கா சொல்லவில்லை. சாயிப்பு கோபித்துக்கொள்ளவில்லை. கல்யாண வீட்டில் கொசுவைத்தான் கேட்கிறார்கள், இதை வாசித்தால் பெண்ணைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்றார். பிறகு அக்காவுக்காகக் கேசட்டைத் திரும்ப ஓட்டினார். ஒரு இடத்தில் அந்தக் கம்பிச் சத்தம் மேலே ஏறிக் கிழிந்தது. அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் நகம் பதிந்த இடம் ரெண்டு நாள் வலித்தது.

அந்த வருஷமே சாயிப்பு பிள்ளைகளோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். கப்பலேற்ற முடியாத சாமான்களை வேண்டியவர்களுக்குக் கொடுத்தார். ஆணி துருப்பிடித்த ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டாரும், அதை மாட்டுகிற ஸ்பீக்கர் பெட்டியும் அக்காவுக்கு வந்தன. போகிறதற்கு முன்னால் அரைமணி நேரம் பாடமும் நடந்தது.

"பாட்டுக்குத்தான் பத்து விரல் வேணும். இந்தச் சத்தத்துக்கு ரெண்டு விரல் மதி" என்றார் சாயிப்பு. தடித்த கம்பியில் ஒரு விரல், அடுத்த கம்பியில் ரெண்டு கட்டை தள்ளி இன்னொரு விரல். அந்தப் பிடியை அப்படியே மேலும் கீழும் நகர்த்தவேண்டியது. மிச்சக் கம்பிகளைத் தொடவே வேண்டாம். அடிக்கிற கையின் ஓரத்தைக் கம்பி முடிகிற இடத்தில் வைத்து அமுக்கிக்கொண்டு அடித்தால் சத்தம் உள்ளேயே விம்மும். கையை எடுத்தால் கதறும்.

அக்காவுக்கு அதைச் சொல்லித்தரவே வேண்டியதில்லை. எங்கே விம்மணும், எங்கே கையை விடணும் என்று அவளுக்குத் தெரியாதா? சோடாக்காரத்தில் ஊறிய விரல், இரும்புக் கம்பி அவளை ஒன்றும் செய்யவில்லை. கம்பியை அடிக்கச் சாயிப்பு கொடுத்த சில்லு தொலைந்துபோனது. சட்டைக் காலருக்குள் விறைப்புக்கு வைக்கிற பிளாஸ்டிக் துண்டு எங்கள் வீடுகளில் எப்போதும் கிடக்கும். அதை வைத்து அடித்தாள்.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. சத்தம் சுத்தமாக வந்தது. எவ்வளவு ஆத்திரத்தோடு அடித்தாலும், கோயில் மணிமாதிரி, கழுவித் துடைத்த சத்தம்.

நான் கேலி பண்ணினேன். "அக்கா, வெளுக்கிறவ வீட்டுக்கு வந்த உடனே சத்தமும் வெளுத்துப் போச்சு போல."

அவள் காலர்த் துண்டை என்மேல் எறிந்தாள்.

வால்யூம் திருகை முழுக்கத் திருப்பினாள். கொஞ்சம் கரகரத்தது, கிழியவில்லை. ஸ்பீக்கர் முன்னால் பித்தளைச் சருவத்தைக் கவிழ்த்தாள். மிளகை அள்ளி ஸ்பீக்கருக்குள் போட்டாள், மிளகு துள்ளித் துள்ளிச் சலங்கைபோலச் சத்தம் போட்டது. மிளகைப் பொறுக்கி எடுக்க எனக்கு ஒரு மத்தியானம் ஆயிற்று. பெட்டியை வெள்ளாவிப் பானைக்குள் இறக்கியும் பார்த்தாள். சத்தம் கிணற்றுக்குள் விழுந்த மாதிரிக் கேட்டது. உள்ளே கிழவி படுத்திருக்கிறது, நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டு வருகிறது. அக்கா சாப்பிட உட்கார்ந்தால்கூட இடதுகை விரல் ரெண்டும் தொடையில் ஏறி இறங்கும்.

ஒரு காலையில் சாயாக்கடை வாசலில் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். கடை ரேடியோவில் ஒரு அம்மாள் பாடுகிறாள், சளிப்பிடித்த எருமைமாதிரி. கடைக்காரச் சேட்டன் வெட்கத்தோடு சொன்னார், "ஸ்பீக்கர் கீறிப்போச்சு. மாத்தணும்."

அக்கா நின்றாள். திரும்பினாள். துணிமூட்டையை என் தலையில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டியின் பின்பலகையைக் கழற்றிவிட்டிருந்தாள். உள்ளே ஸ்பீக்கரின் கறுத்த காகிதம் புனல்மாதிரி விரிந்திருந்தது. அவள் கையில் புருஷனின் ஷேவிங் பிளேடு. மாமா, அதாவது அவள் புருஷன், அந்த வாரம் ஆலுவாவில் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். பிளேடை வைத்துக் காகிதத்தில் ஒரு கீறல் போட்டாள். அடித்துப் பார்த்தாள். இன்னொன்று. இன்னும் ஒன்று. நாலாவதோ ஐந்தாவதோ போட்டுவிட்டு, ரெண்டு விரலைப் பதித்து அடித்தாள்.

அறுத்தெடுத்த அக்காவின் தொண்டை அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

உள்ளே கட்டிலிலிருந்து கிழவி கத்தியது. "யாருடி செத்தது?"

பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டோம். காது மந்தமான கிழவி பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்டது. அக்கா விம்மினாள், விட்டாள், கதறினாள். எல்லாம் ரெண்டு விரலில். கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"மதி மோளே. இனி நான் போலாம்."

மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அக்கா எவ்வளவு சத்தமோ அவர் அவ்வளவு சத்தமில்லாதவர். துணி கல்லில் கிழிந்தால் அந்தக் கிழிசலோடு சொந்தக்காரருக்குத் திருப்பிக் கொடுப்பது எங்களுக்கு மானக்கேடு. மற்ற வீடுகளில் ஏதோ தைத்து ஒப்பேற்றிவிடுவார்கள். மாமா அந்தத் துணியின் கரையிலிருந்தே நூல் உருவி, அதே நெசவில் இழை கோர்ப்பார். எங்கே கிழிந்தது என்று கிழித்த கல்லே வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அவர் ஆயுசில் ஒரு கிழிசல் அவர் கையைத் தாண்டி வெளியே போனதில்லை.

மாமா ஆலுவாவிலிருந்து திரும்பி வந்ததற்கு அடுத்தநாள் விடியக்காலையில் கிழவி போய்ச் சேர்ந்தது.

பெண்களெல்லாம் உள்ளே கிழவியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம். அக்கா எண்ணெய் தடவித் தலைவாரினாள். முகத்தில் ஒரு அமைதி. அம்மாவுக்குக் கொடுக்க வேண்டியது அவளிடம் இருந்ததல்லவா. வாசலில் பந்தல் போட்டு, சந்து நிறைய ஆட்கள். ஊமையாகிவிட்ட ஒப்பாரிக்காரி கம்பியில் அழப்போகிறாளாம் என்று இடக்கொச்சியிலிருந்துகூட வந்திருந்தார்கள். கிழவியைக் கொண்டுவந்து கிடத்தினோம். பெட்டியை வைத்தார்கள். அக்கா கிட்டாரை மடியில் எடுத்தாள்.

மாமா குனிந்து அவளிடம் சொன்னார். பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"காலைல பெட்டியைத் தூக்கறப்போ பாத்தேன், உள்ளே எலி கடிச்சு நாறடிச்சிருந்தது. மல்துணியில கஞ்சி தடவி ஒட்டிட்டேன். இஸ்திரிப்பெட்டிச் சூட்டைக் காட்டிக் காயவெச்சாச்சு. நீ பேடிக்காதே. புதுசு மாதிரி இருக்கு."

அவர் விரல் நுனியில் கஞ்சி காய்ந்து வெள்ளையாக இருந்தது.

அக்கா பெட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். நான் அவள் காதில் சொன்னேன்: "பிளேடு வீட்டுக்குள்ளேதான் இருக்கு. ஒரு நிமிஷம். எடுத்திட்டு வரட்டா?"

அவள் என் முழங்கையை அழுத்தினாள். உதடு அசைந்தது. "பறயாதே."

அடித்தாள். ரெண்டு விரலில் விம்மினாள், சரியாக வந்தது. கையை எடுத்தாள், கிழியவேண்டிய இடம். சத்தம் தேன்மாதிரி வழிந்தது. மணிமாதிரி, சர்ச்சில் வாசிக்கிற மாதிரி. எதிர்வீட்டுச் சேச்சிகூட, "எத்ர நல்ல ஸ்வரம்!" என்றாள். திருகைக் கடைசிவரை திருப்பிவிட்டு அக்கா இன்னும் ஓங்கி அடித்தாள். மாமாவின் வேலை அப்படி. ஒரு இழை பிரியவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு வாசித்து முடித்தாள். பந்தலில் ஒரு ஆம்பிளை துண்டைத் தேடவில்லை. மாமா மட்டும் ஓரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

கிழவியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் அக்கா குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்க் காதைக் கொடுத்தேன்.

"அம்மா ஊமையாத்தான் போச்சு" என்றாள்.

"ஒரு கீறல் போட்டிருக்கலாமே அக்கா. எவ்வளவு நேரமாகும்?"

"அவர் முன்னாடியா?" மூச்சு வாங்கிக்கொண்டாள். "தொண்டையை அறுத்து என்னை வெளியே கொண்டாந்தப்போ, அந்த மனுஷன் கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னார் தெரியுமா? இதை மட்டும் எனக்குத் தைக்கத் தெரியலையேன்னாரு. இன்னைக்கித்தாண்டி அவருக்கு ஒட்டறதுக்கு ஒரு தொண்டை கெடச்சுது. அதை நான் கீறணுமா?"

அப்புறம், "நீ வாய் தொறந்தே, கொன்னுடுவேன்" என்றாள். அதற்குக் குரல் தேவைப்படவில்லை.

அதன் பிறகு அவள் கிட்டாரைத் தொடவில்லை. மாமா அடிக்கடி பெட்டியைத் திறந்து தான் ஒட்டின இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். "ஒட்டினதுல ஏதாச்சும் கொறையா?" என்பார். அவள் இல்லையென்று தலையாட்டுவாள். "பின்னே ஏன் வாசிக்கலை?" சோறு போட எழுந்துவிடுவாள்.

ரெண்டு வருஷம் கழிந்து அந்த முளை திரும்ப வந்தது. இந்தத் தடவை அறுக்க இடமில்லை என்றார்கள். அந்தக் காற்றுப் பேச்சும் நின்றது, அக்கா சிலேட்டு இல்லாத பள்ளிக்கூடப் பிள்ளைமாதிரி விரலால் சைகை காட்டினாள். அதிலும் திட்டுதான். ஓணம் முடிந்து கொஞ்ச நாளில் போய்விட்டாள்.

வட்டமாக உட்கார்ந்தோம். ஆரம்பித்தோம். எவ்வளவு முயன்றும் தாலாட்டுதான் வந்தது. நடுவில் அவள் இடம் காலியாக இருந்தது, அதற்கு முன்னால் அவளே கிடந்தாள். மார்க் போட ஆளில்லை. ஒவ்வொருத்தியாக நிறுத்திவிட்டோம்.

மாமா உள்ளே போய் ஸ்பீக்கர் பெட்டியையும் கிட்டாரையும் தூக்கிக்கொண்டு வந்தார். என் முன்னால் வைத்தார்.

"நீ கூடவே இருந்தியே புள்ளே. ரெண்டு தட்டுத் தட்டு."

"எனக்குத் தெரியாது மாமா."

"அப்போ இதையாவது சொல்லு. நான் ஒட்டினது சரியில்லையா? அன்னைக்கப்புறம் அவ இதைத் தொடவேயில்லை. எந்தா காரியம்?"

அவள் அங்கே கிடக்கிறாள், இனி என்னைக் கொல்ல முடியாது. சொன்னேன். எலி இல்லை மாமா, அக்காதான் கீறினாள், அந்தக் கீறலில்தான் அவள் அழுகை இருந்தது, நீங்கள் ஒட்டினதை அவளுக்குப் பிரிக்க மனசு வரவில்லை. அவ்வளவுதான் சொன்னேன்.

மாமா பெட்டியைத் தன் பக்கம் திருப்பினார். பின்பலகையைக் கழற்றினார். ஒட்டின இடம் அப்படியே மொடமொடப்பாக இருந்தது. பிளேடு கேட்டார். ஆயுசில் எதையும் கிழிக்காத அந்தக் கை பிளேடை வாங்கிக்கொண்டது. மல்துணியோடு சேர்த்துக் கீறினார். ஒன்று, இன்னொன்று. பிறகு எண்ணாமல் கீறினார்.

கிட்டார் வயரைப் பெட்டியில் செருகி, ப்ளக்கை மாட்டினார். திருகை முழுக்கத் திருப்பினார். கிட்டாரைக் கையில் எடுத்தார், எங்கே விரல் வைக்கவேண்டும் என்று தெரியவில்லை. வைத்துப் பார்த்தார், எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொள்வதற்காகக் கிட்டாரைப் பெட்டிமேல் சாய்த்து வைத்தார்.

அது தானாக முனகியது. முதலில் வண்டுமாதிரி. பெட்டியின் சத்தம் கம்பியை உலுக்க, கம்பியின் சத்தம் பெட்டிக்குள் போக, ஒன்றையொன்று பிடித்து ஏற்றிக்கொண்டு மேலே போயிற்று. போய், ஒரு இடத்தில் கிழிந்தது. கிழிந்து நிற்காமல் கிழிந்துகொண்டே இருந்தது. யாருடைய கையும் அதன்மேல் இல்லை.

காகம் பறந்தது. குழந்தைகள் அலறின. பாடை தூக்க நின்றவர்களில் ஒருவன், "ஆராச்சும் அதை நிறுத்துங்க!" என்று ப்ளக்கைப் பிடுங்க ஓடினான். மாமா குறுக்கே கையை நீட்டினார். அந்த மனுஷன் சத்தமாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"தொடாதே. அவ அம்மாவுக்கும் சேத்து."

எதிர்வீட்டுச் சேச்சி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி மார்பில் அடித்துக்கொண்டாள். துண்டுகள் வெளியே வந்தன. கொச்சியில் கரண்டு எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அது போகிறவரை ஒருத்தரும் பாடையில் கை வைக்கவில்லை.